ஏழாம் எண் கரிப்பஞ்சு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. வீட்டில் மற்ற இருவரும் நலம். என் நலத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், சாப்பிட்டு முடித்துவிட்டுப் படி. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவுக்கு முதுகுவலி குறைந்ததா?

போன் இருக்கும்போது இவன் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைப்பாய். பேசினால் நான் சொல்வது எனக்கே புரிவதில்லை. போனில் தட்டி அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். கடிதம் என்றால் பதில் எழுதித்தானே ஆக வேண்டும்.

இடது பக்கத் தாடை எலும்பை எடுத்து ஏழு மாதம் ஆகிறது. கட்டி போனது, அதில் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் ஒன்றும் இல்லாததால் வாய் மூடுவதில்லை. எச்சில் நாள் முழுக்க ஒழுகுகிறது. தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு துண்டு, இரண்டும் மதியத்துக்குள் நாறிப்போகிறது. சாப்பாட்டை மிக்ஸியில் அரைத்துக் குழாய் வைத்து உறிஞ்சுகிறேன். அந்தச் சத்தம் பொறுக்காமல் குட்டி தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். ஒன்பது வயசுப் பிள்ளையைத் திட்ட முடியுமா? கண்ணாடியில் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது.

பதினாறு வருடம் மீன் சந்தையில் ஏலம் கூவியவன் நான். இப்போது ஐஸ் அறையில் உட்கார்ந்து கூடைகளுக்கு அட்டை கட்டுகிறேன். என் இடத்தில் நிற்பவனுக்குக் குரலும் இல்லை, நல்ல மீனும் கெட்ட மீனும் தெரியவில்லை. அவன் கூவும்போது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

உங்கள் ஆய்வகத்தில் ஏதோ கரியில் எலும்பு வளர்க்கிறீர்களாம், அதை எனக்கு வைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். அவர் சொன்னதில் பாதி இங்கிலீஷ், மீதி எனக்குப் புரியவில்லை. நீ குட்டிக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொல்.

பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி

பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மாமாவும் நானும் நலம். முதுகுவலி இருக்கிறது, அதைப் பற்றிய புலம்பல்தான் கூடியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுத்தான் உன் கடிதத்தைப் படித்தேன். படித்து முடித்தபின் சாப்பிடாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

நாங்கள் அதைக் கரிப்பஞ்சு என்போம். பாத்திரம் தேய்க்கும் பஞ்சு மாதிரி ஒன்றைக் காற்றே புகாத உலையில் வைத்துச் சுட்டால் அது சாம்பலாகாது. ஓட்டைகள் அப்படியே நிற்க, முழுதும் கரியாகிவிடும். உடம்பிலிருந்து எடுத்த செல்லைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால், தரையில் சிந்திய மாவு மாதிரி ஒரே படலமாகப் படுத்துக்கொள்ளும். எலும்பு படலமாக இருந்தால் யாருக்கு உபயோகம்? அதனால் செல்லை அந்த ஓட்டைகளுக்குள் குடிவைத்து, சத்துநீர் ஊற்றி, மேலும் கீழும் நாலாபக்கமும் வளரவிடுகிறோம். உன் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுப்பார்கள். தாடை அளவுக்கு வெட்டிய பஞ்சில் அதை நாங்கள் வளர்த்துக் கொடுப்போம். டாக்டர் உன் வாயில் வைத்துத் தைப்பார்.

வளர்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். மஞ்சள் சாயம் ஒன்று இருக்கிறது. உயிருள்ள செல் பட்டால் அது ஊதாவாகும். எவ்வளவு உயிரோ அவ்வளவு ஊதா. பட்டாணி அளவுப் பஞ்சை முயலுக்கு வைத்தோம், முயல் நன்றாக மெல்லுகிறது. கட்டைவிரல் அளவில் பன்னிரண்டு செய்து பார்த்திருக்கிறோம்.

வேலை ஒன்றும் மணக்கிற வேலை இல்லை. சத்துநீரில் கன்றுக்குட்டி ரத்தத்தின் தெளிவு சேர்க்கிறோம். ஒரு தட்டு கெட்டுப்போனால் அறை முழுக்கத் திரிந்த பால் நாற்றம். வீட்டுக்கு வந்து குளித்தாலும் மூக்கிலிருந்து போகாது.

மனிதர்களில் முதன்முதலாக இதை வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் பட்டியலில் மூன்று பேர். முதல் பெயர் உன்னுடையது. நானே எங்கள் ஆய்வகத் தலைவரிடம், பெரியவர் என்போம், போய் நின்று கேட்டு வாங்கினேன்.

குட்டிக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், நான் பழையபடி. மாமாவைப் புலம்ப விடு, அவருக்கு வேறு பொழுதுபோக்கு ஏது?

ஆக, என் வாயில் அடுப்புக்கரி வைக்கப் போகிறீர்கள். எச்சில் ஒழுகும் வாய்க்கு அதுவே அலங்காரம். உங்கள் பெரியவருக்குக் கரிவாத்தியார் என்று பெயர் வைத்திருக்கிறேன், அவரிடம் சொல்லிவிடாதே.

நேற்று டாக்டரைப் பார்த்தேன். உங்கள் ஆய்வகம் அனுப்பிய தாளைக் காட்டினார். நீ சொன்ன பன்னிரண்டு பஞ்சுக்கும் பன்னிரண்டு கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன, ஏழாவது மட்டும் ஓங்கி நிற்கிறது. “இந்த ஏழாம் நம்பரைப் பாருங்க. இதைப் பார்த்துத்தான் நான் சம்மதிச்சேன். இதே மாதிரி உங்களுக்குச் செய்யச் சொல்லியிருக்கேன்” என்றார். காலிலிருந்து எலும்பு எடுத்துத் தாடையில் வைக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறதாம். ஆறு மாதம் நொண்ட வேண்டும் என்றார். வேண்டாம், எங்க அக்கா செய்யறதே போதும் என்று எழுதிக் காட்டினேன். ஜூன் 18 என்று தேதி குறித்துவிட்டார்கள்.

பட்டியலில் இரண்டாவது ஆள் ஒரு தையல்காரம்மா. வெளியே பெஞ்சில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலது தாடை இல்லை. இருவரும் துண்டைப் பிடித்துக்கொண்டு கொழகொழவென்று பேசியதைக் கேட்டு, எதிரே இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இன்னும் ஒழுகியது.

அந்த ஏழாம் நம்பரை வைத்தது யார்? நீயா? அதை மட்டும் எழுது.

தம்பி

ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மாமாவுக்குக் காய்ச்சல் வந்து போனது. குட்டியின் பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது? உனக்குத் தொண்டையில் புண் ஏதும் இல்லையே? தண்ணீர் நிறையக் குடி.

இங்கே வெயில் அதிகம். ஆய்வகத்தில் குளிர்பெட்டி பழுதாகி, உள்ளே இருந்தவை எல்லாம் கெட்டுப்போயின. கழுவியது நான்தான். கையை எவ்வளவு தேய்த்தாலும் திருப்தி வரவில்லை.

ஏழாம் எண்ணும் என் வேலைதான். பன்னிரண்டும் என் வேலைதான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. கால் எலும்பு ஆபரேஷன் பல வருடமாக எல்லா இடத்திலும் செய்கிற ஒன்று. ஆறு மாதம் நொண்டினால் என்ன? இன்னொரு முறை யோசித்துப் பாரேன்.

அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நலம் விசாரிப்பது இத்தோடு போதும்.

உனக்கு என்ன ஆயிற்று? பிப்ரவரியில் நானே போய் நின்று கேட்டு வாங்கினேன் என்கிறாய். ஏப்ரலில் நொண்டினால் என்ன என்கிறாய். போன வாரம்தான் இடுப்பில் தடித்த ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். உன் ஆய்வகத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். இனி யோசிக்க என்ன இருக்கிறது?

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஏலக்காரன் வரவில்லை. நீயே கூவு என்று முதலாளி நிறுத்திவிட்டார். எனக்கும் ஆசை விடவில்லை. முதல் கூடைக்கு வாயைத் திறந்தேன். வந்த சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. குனிந்தபோது எச்சில் நூலாக இறங்கி மீன் மேல் விழுந்தது. முன்னால் நின்றவர், என்னிடம் பத்து வருடம் வாங்கியவர், “சீ, அந்தக் கூடையைத் தள்ளி வைங்கப்பா” என்றார். கூடையைத் தள்ளி வைத்தார்கள். என்னையும்தான்.

இந்தக் கோடையோடு இது முடிய வேண்டும். எனக்கு வாய் வேண்டும். உனக்கு ஏதாவது பயம் இருந்தால் நேராக எழுது, சுற்றி வளைக்காதே.

தம்பி

மே 10

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதியதைப் படித்து அந்த ஆள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. இன்னும் ஆறவில்லை.

உன் செல் வந்து சேர்ந்தது. குப்பியில் உன் பெயர் இல்லை, ஓர் எண்தான். ஆனாலும் எனக்குத் தெரியும். பஞ்சில் வைத்துவிட்டேன். மறுநாள் தையல்காரம்மாவுடையதும் வந்தது, அதையும் வைத்தேன்.

போன வாரம் பெரியவரிடம் ஒன்று கேட்டேன். “சார், செல்லே வைக்காத வெறும் பஞ்சுல சாயம் ஊத்திப் பார்க்கலாமா?”

அவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். தாடியெல்லாம் துகள். “எதுக்கும்மா? உயிரே இல்லாததுல என்னத்தைப் பார்க்கப் போறீங்க?”

“ஒரு ஒப்பீட்டுக்கு.”

“முயல் நல்லாத்தானே சாப்பிடுது. அப்புறம் என்ன சந்தேகம்?” என்று வாயைத் துடைத்துக்கொண்டு, துடைத்த கையாலேயே என் தோளில் தட்டினார். அந்தச் சட்டையை அன்றைக்கே துவைத்துப் போட்டேன்.

இங்கே எல்லோரும் பஞ்சை ஓரத்தில்தான் சீவிப் பார்ப்போம். நடுவில் அறுத்தால் பொடிந்து, கருவி முழுக்கக் கரி ஏறிவிடும், அதைத் துடைக்க இரண்டு நாளாகும். அதனால் யாரும் அறுப்பதில்லை. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சரியாகத் தூக்கமில்லை, சாப்பாடும் இறங்கவில்லை, அதனால் இருக்கும்.

அக்கா

மே 16

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நாங்கள் நலம், நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். நான் எழுதுவது இவருக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அக்காவுக்கு வேலை ஜாஸ்தி” என்று எழுதிக் காட்டினார். அவ்வளவுதான். தினமும் காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஏலம் கூவிப் பழகுகிறார். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கூவுகிறார். ஜூன் 18க்குப் பிறகு முதல் கூடை எது என்றுகூட முடிவு செய்துவிட்டார்.

உங்களிடம் மறைக்கவில்லை. அவருடைய துண்டுகளைத் துவைக்கும்போது எனக்கு வாந்தி வருகிறது. கட்டின புருஷனைப் பார்த்து இப்படி வருகிறதே என்று என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. அதனால் இந்த ஆபரேஷன் அவரைவிட எனக்குத்தான் அவசரம். அப்படிப்பட்ட நானே கேட்கிறேன், வைக்கலாமா வேண்டாமா? நீங்கள் படித்தவர், எதையோ விழுங்குகிறீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது. ஒரு வரி எழுதினால் போதும்.

பணிவுடன்,
தம்பி மனைவி

ஜூன் 5

தம்பிக்கு,

வைக்க வேண்டாம். உன் மனைவி கேட்ட ஒரு வரி அதுதான். இனி வருவது உனக்கு.

போன ஜூலையில் உனக்குத் தாடையை எடுத்த அன்று, பன்னிரண்டு பஞ்சுகளுக்கும் செல் வைக்கும் வேலை எனக்கு. கையுறை போட்டபின் பேனாவைத் தொடக்கூடாது. அதனால் இங்கே எல்லோரும் பன்னிரண்டு டிக்கையும் முதலிலேயே தாளில் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். ஆறு முடிந்தபோது உன் மனைவி போன் செய்தாள். “எடுத்துட்டாங்க அண்ணி, முகத்தைப் பார்க்க முடியல” என்றாள். வெளியே நின்று அழுதுவிட்டு வந்தேன். வேறு கையுறை போட்டுக்கொண்டு எட்டிலிருந்து தொடர்ந்தேன். ஏழை முடித்துவிட்டதாக நினைப்பு, தாளில் பன்னிரண்டுக்கும் டிக் இருந்ததால் விட்டது தெரியவில்லை.

மூன்று நாள் கழித்து ஏழாம் எண்ணுக்கான செல், குழாயோடு அப்படியே தாங்கியில் நிற்பதைப் பார்த்தேன். திரிந்து நூல் விட்டிருந்தது. மூடியைத் திறந்ததும் அடித்த நாற்றத்தில் ஓங்கரித்துக்கொண்டே தொட்டியில் ஊற்றிக் கழுவினேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சாயம் ஊற்றினார்கள். பன்னிரண்டில் அதிகமாக ஊதாவானது ஏழுதான். பெரியவர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

கொஞ்சம் செல் எப்படியோ சிந்தி ஒட்டியிருக்கும், ஒரு எண்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் உன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். ஏழைப் பார்த்துத்தான் சம்மதித்தேன் என்று டாக்டர் சொன்னதை நீ எழுதிய பிறகுதான் வெறும் பஞ்சைச் சோதிக்கலாமா என்று பெரியவரிடம் கேட்டேன்.

பெரியவர் இல்லாத நாளில், புதிய பஞ்சு ஒன்றை உறையிலிருந்து எடுத்து வெறுமனே சாயம் ஊற்றினேன். ஊதாவானது. கரியே அந்தச் சாயத்தை மாற்றுகிறது. செல் மூடாத வெறும் கரி என்பதால்தான் ஏழு மற்றவற்றைவிட ஊதாவானது. இத்தனை நாளும் நாங்கள் உயிர் என்று எண்ணியது கரியை.

பிறகு ஒரு பஞ்சை நடுவில் அறுத்தேன். உன்னுடையதைத்தான், மூன்று வாரம் வளர்த்ததை. மேலே தோல் மாதிரி மெல்லிசாக உயிர் இருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் கூழ். கத்தியில் ஒட்டிக்கொண்டு வந்தது, செத்த எலியின் நாற்றம். பட்டாணி அளவென்றால் சத்துநீர் நடுவரைக்கும் போய்விடும், முயல் பிழைத்தது அதனால்தான். உன் தாடை அளவுக்குப் போகவில்லை. உள்ளே போனதெல்லாம் பட்டினியில் செத்து அழுகியிருக்கிறது. அதைத்தான் பதினெட்டாம் தேதி உன் வாயில் வைத்துத் தைத்திருப்பார்கள். என் தம்பியின் எலும்பிலிருந்து எடுத்ததை நானே அழுகவிட்டு முகர்ந்து பார்த்தேன். அந்த நாற்றம் இன்னும் என் தொண்டையில் இருக்கிறது.

பெரியவரிடம் உன் பஞ்சில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று சொல்லி எரித்துவிட்டேன். சந்தேகப்படவில்லை. உன் பெயரைத் தானாகவே எடுத்துவிடுவார்கள். நீ கால் எலும்பு ஆபரேஷனுக்குப் போ. இதைப் படித்ததும் கிழித்துப் போடு. இருபது வருட வேலை, தம்பி.

அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்த அன்றே ஆஸ்பத்திரியிலிருந்தும் ஆள் வந்தார். பூஞ்சையாம், வருத்தமாம். கால் எலும்பு ஆபரேஷனுக்கு ஜூலையில் தேதி தருகிறார்களாம். சரி, நொண்டுகிறேன். ஏலம் கூவக் கால் தேவையில்லை.

நீ ஏழை விட்டதில் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு எனக்காக அழுதாய், மறந்தாய். அழுகினதை முகர்ந்தாய் என்கிறாயே, நான் தினம் என்னையே முகர்கிறேன், அதுவும் பழகிவிட்டது. எனக்குக் குமட்டியது உன் கடைசி நாலு வரிதான்.

என் ஜூன் 18ஐ யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்தாயா? தையல்காரம்மாவுக்கு. அடுத்த மாதம் இருந்தவரை முன்னால் இழுத்துவிட்டார்கள். நேற்று அவரைப் பார்த்தேன். “உங்க தேதி எனக்கு வந்துடுச்சு, மன்னிச்சுக்கங்க” என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், அக்கா. அவருடைய பஞ்சை வைத்ததும் நீதானே?

எனக்கு அக்கா இருந்தாள், தப்பித்தேன். அவருக்கு யார்? பூஞ்சை என்று பொய் சொல்லி உன் தம்பியை மட்டும் வெளியே இழுத்துக்கொண்டு, அடுத்தவளை அதே குழிக்குள் தள்ளியிருக்கிறாய். தெரியாமல் தள்ளினாய் என்றே வைத்துக்கொள்கிறேன். இப்போது தெரிந்துவிட்டது.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அவரிடம் காட்டத்தான் எடுத்துப் போனேன். பையில் கை வைத்தும் எடுக்க வரவில்லை. என் அக்கா எழுதியதைப் படித்து இன்னொருத்தி காறித் துப்புவதை என்னால் பார்க்க முடியாது. அதனால் அவர் முகவரியை இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீயே எழுது. பதினான்காம் தேதி வரை பொறுப்பேன். அதற்குமேல் பொறுக்க மாட்டேன், நீ எழுதிய கடிதத்தையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

ஜூன் 11

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உங்களோடு உட்கார்ந்து சிரித்தாரே, ஏலக்காரர், அவருடைய அக்கா நான். உங்களுக்காகக் கரிப்பஞ்சு வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், எனக்கு அந்த முகம் இல்லை.

பதினெட்டாம் தேதி அதை வைத்துக்கொள்ளாதீர்கள். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

என் தம்பியின் பஞ்சில் பூஞ்சை இல்லை. அது உள்ளே அழுகியிருந்தது. அதை மறைத்துப் பூஞ்சை என்று சொன்னது நான். உங்கள் தேதி முன்னால் வந்தது அந்தப் பொய்யால். டாக்டர் நம்பிய ஏழாம் எண்ணில் செல்லே இல்லை. வைக்க மறந்தது நான், பதினொரு மாதம் வாய் திறக்காமல் இருந்ததும் நான். நடந்த அனைத்தையும் தேதிவாரியாகத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதன் நகல்கள் டாக்டருக்கும் எங்கள் பெரியவருக்கும் இன்றைய தபாலில் போகின்றன. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எனக்கு அங்கே வேலை இருக்காது.

உங்களுடையது நன்றாக வளர்ந்திருக்கிறது, அதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஓரத்தில் சீவிய படத்தைக் காட்டுவார்கள், படமும் அழகாக இருக்கும். நீங்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள். என் கண் முன்னால் அதை நடுவில் அறுங்கள் என்று கேளுங்கள். மூக்கை மூடிக்கொள்ளாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

இப்படிக்கு,
அதில் உங்கள் செல்லை வைத்தவள்